பக்கத்துல ஓடுறவன்

மாரத்தான் ஓடுறவங்ககிட்ட சும்மா பேச்சுக் கொடுத்துப் பாருங்க. மூணாவது வாக்கியத்துக்குள்ள டைமிங் வந்துரும். "ஃபுல் நாலு மணி பத்து நிமிஷம், ஹாஃப் ஒண்ணு அம்பது"ன்னு ஜாதகக் கட்டம் மாதிரி ஒப்பிப்பாங்க. கிராஸ் கன்ட்ரி ஓடினவன்கிட்ட அதே கேள்வியைக் கேட்டா முழிப்பான். "அன்னைக்கு மழை பெஞ்சு ஒரே சகதி", "அந்த வருஷம் மேட்டுல ஏத்தி விட்டுட்டாங்க"ன்னு ஏதோ கதை சொல்லுவான். அவன் மேல குத்தம் இல்லைங்க. அந்த விளையாட்டோட லட்சணமே அதுதான்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம் (தெரிஞ்சவங்க அடுத்த பாராவுக்கு ஜம்ப் பண்ணிக்கலாம்). கிராஸ் கன்ட்ரில ட்ராக் கிடையாது, தார் ரோடு கிடையாது. புல்லு, மண்ணு, சேறு, மேடு, பள்ளம் எதுல விட்டாலும் ஓடணும். உலக சாம்பியன்ஷிப்ல 2017-ல இருந்து சீனியர் ஆண், பெண் ரெண்டு பேருக்குமே 10 கிலோமீட்டர். ஒரு ஊர் மைதானம் மாதிரி இன்னொரு ஊர் மைதானம் இருக்காது. ஒரே மைதானம்கூட போன வருஷம் இருந்த மாதிரி இந்த வருஷம் இருக்காது. அதனால இதுல உலக சாதனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 100 மீட்டர்னா 2009-ல உசேன் போல்ட் ஓடின 9.58 வினாடின்னு குழந்தைகூடச் சொல்லும். இங்க அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

அப்போ நாம நல்லா ஓடுறோமா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒரே வழிதான். பக்கத்துல எவன் ஓடுறான்னு பாக்கணும். போன தடவை நமக்கு முன்னாடி போனவன் இந்த தடவை எங்க இருக்கான்? அவன்தான் கடிகாரம். அவனும் நம்மளைப் பாத்துதான் மணி தெரிஞ்சுக்கிறான்.

எனக்கு அப்படி ஒரு ஆள் அமைஞ்சான். கூடலூர்க்காரன். சொந்தப் பேரைப் போட்டா உதைப்பான்ங்கிறதால இந்தப் பதிவு முழுக்க அவன் பேரு கூடலூரான். நான் கம்பம். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர் இருந்தா அதிகம். படிச்ச ஸ்கூல் வேற வேற. காலேஜும் அப்படித்தான். நான் இன்ஜினியரிங், அவன் பி.ஏ. வரலாறு. எங்களைச் சேர்த்து வெச்சது ஒரு பொங்கல் ஓட்டப்பந்தயம். முதல் பரிசு எவர்சில்வர் குடம், ரெண்டாம் பரிசு எவர்சில்வர் வாளி. குடத்தை வேற ஒருத்தன் தூக்கிட்டுப் போயிட்டான். வாளிக்கு நாங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டோம். அந்த வாளி இன்னும் அவங்க வீட்டுல இருக்கு. நான் எப்பப் போனாலும் கைகால் கழுவ அதுலதான் தண்ணி தருவான். வேணும்னேதான்.

எங்க ஊர்ப்பக்கம் வராதவங்களுக்கு: கம்பம் பள்ளத்தாக்குல மேற்கே கேரளாவைப் பிரிக்கிற மலை, கிழக்கே மேகமலை, நடுவுல முல்லைப் பெரியாறு. 1895-ல பென்னிகுக் கட்டி முடிச்ச அணையோட தண்ணி, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து லோயர் கேம்ப்ல இறங்கும். அங்கேர்ந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு போய் தேனிப் பக்கம் வைகையில சேரும். பள்ளத்தாக்குல மட்டும் 14,707 ஏக்கர் ரெண்டு போக நெல்லு இந்தத் தண்ணியில விளையுது. அது போக தென்னந்தோப்பு, வாழை, திராட்சைப் பந்தல். ஓடுறதுக்குன்னு தனியா யாரும் மைதானம் கட்ட வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை வெள்ளன அஞ்சரை மணிக்கு நாங்க சேர்ந்து ஓட ஆரம்பிச்சோம். பாதை எங்களாவே போட்டது. ஆத்துக்கரையில ஆரம்பிக்கும். அப்புறம் வயக்காட்டு வரப்பு. அறுப்பு முடிஞ்சிருந்தா வரப்பை விட்டு வயல்லயே இறங்கிருவோம், தாள் காலைக் குத்தும். அதுக்கப்புறம் அவங்க மாமா தோட்டத்துத் திராட்சைப் பந்தல். கடைசியா ஒரு கரடு. கல்லும் முள்ளுமா ஏறி, மேல இருக்குற ஒத்தை வேப்பமரத்தைத் தொட்டுட்டு இறங்கணும்.

இதுல பாருங்க, நான் ஆறடி. அவன் என் காது மட்டம்தான் வருவான். ஆனி ஆடி மாசத்துல குமுளி மலை இடுக்கு வழியா ஒரு காத்து அடிக்கும் பாருங்க, நின்னுக்கிட்டு இருக்குற ஆளையே தள்ளும். கூடலூரைப் பாத்து ஓடினா அது நேரா மூஞ்சியில வந்து அறையும். அப்பெல்லாம் கூடலூரான் என் முதுகுக்குப் பின்னாடி பம்மிருவான். "மாப்ள, நீ நல்ல செவுருடா"ம்பான். ஆனா பந்தலுக்குள்ள நுழைஞ்சதும் கதை மாறிரும். கல்லுக்கால் நட்டு, மேல கம்பி இழுத்து, அதுல கொடியைப் படர விட்டிருப்பாங்க. குலை வேற தொங்கும். நான் முதுகை வளைச்சு, தலையைக் குனிஞ்சு, கல்யாண வீட்டுல பந்தி பரிமாறுறவன் மாதிரி ஓடணும். அவன் நிமிர்ந்தபடியே ஜம்முன்னு போவான். காத்துல நான் சேத்து வெச்ச முன்னிலை எல்லாம் பந்தல்ல காலி. மிச்சக் கணக்கைக் கரட்டுல தீத்துக்குவோம்.

கரடு ஏறும்போது பின்னாடி அவன் மூச்சுச் சத்தம் கேட்டா நான் நல்லா ஓடுறேன்னு அர்த்தம். கேக்கலேன்னா ஒண்ணு அவன் பின்தங்கிட்டான், இல்லேன்னா ஏற்கெனவே முன்னாடி போயிட்டான். பெரும்பாலும் ரெண்டாவதுதான் :-)

இப்படியே போய்க்கிட்டு இருந்தப்போ 2017-ல மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தாங்க. ஆறு பேர். அவன் நாலாவதா வந்தான், நான் அஞ்சாவது. அதுவரைக்கும் ஒருத்தனை ஒருத்தன் முந்தணும்னு திரிஞ்சவங்க, திடீர்னு ஒரே பனியன்.

கிராஸ் கன்ட்ரியோட இன்னொரு விசேஷம் இதுதாங்க. பாக்கத் தனியாள் ஓட்டம் மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள அது குழு ஆட்டம். உலகப் போட்டியில ஒரு அணிக்கு ஆறு பேர் ஓடலாம், முதல்ல வர்ற நாலு பேரோட இடத்தைக் கூட்டுவாங்க. கூட்டுத்தொகை கம்மியா இருக்குற அணி ஜெயிக்கும். ஒருத்தர் முதலாவதா வந்துட்டா மட்டும் போதாது, அதே அணியோட நாலாவது ஆள் அறுபதாவதா வந்தா எல்லாம் போச்சு. கணக்குல சேராத அஞ்சாவது ஆளுக்கும் வேலை இருக்கு. அவன் எதிரணிக்காரன் ஒருத்தனைத் தாண்டினா, அந்தாளோட இடம் ஒண்ணு பின்னாடி தள்ளிப் போகும்.

1924 பாரிஸ் ஒலிம்பிக் இதுக்கு நல்ல உதாரணம். ஒலிம்பிக்ல அதுக்கு முன்னாடி 1912-லயும் 1920-லயும் கிராஸ் கன்ட்ரி இருந்துச்சு. பாரிஸ்ல அன்னைக்குக் கொளுத்துற வெயில். 38 பேர் கிளம்பினதுல முடிச்சது 15 பேர்தான். மிச்சப் பேர் வழியிலயே சுருண்டுட்டாங்க. முதலாவது பின்லாந்தோட பாவோ நூர்மி, ரெண்டாவது அவரோட பரம எதிராளி, அதே பின்லாந்தோட வில்லே ரிட்டோலா. ரெண்டு பேருக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒன்றரை நிமிஷ இடைவெளி. ஆனா அணித் தங்கத்துக்கு மூணு பேர் முடிச்சாகணும். மூணாவது ஆள் ஹைக்கி லீமத்தைனென் தள்ளாடித் தள்ளாடி 12-ஆவதா வந்து கோட்டைத் தாண்டினதும்தான் பின்லாந்துக்கு அந்தத் தங்கம். நூர்மியும் ரிட்டோலாவும் எவ்வளவு வேகமா ஓடியிருந்தாலும் அந்தப் 12-ஆவது ஆள் இல்லேன்னா அது கிடையாது. அன்னைக்கு ஓட்டக்காரங்க பட்ட பாட்டைப் பாத்துட்டு, அதோட ஒலிம்பிக்ல இருந்தே கிராஸ் கன்ட்ரியைத் தூக்கிட்டாங்க.

மாநிலப் போட்டியில எங்க அணி பெருசா ஒண்ணும் கிழிக்கல. கூடலூரான் 31-ஆவது, நான் 34-ஆவது. ஆனா கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல அவன் ஒரு காரியம் பண்ணான். திரும்பித் திரும்பிப் பாத்து, "ஏய் வாடா, வெரசா வாடா, இன்னும் நாலு பேர் இருக்கான் பாரு"ன்னு என்னைக் கத்திக் கத்தி இழுத்துட்டுப் போனான். போன மாசம் வரைக்கும் நான் பின்தங்கினா சிரிச்சவன். அன்னைக்கு நான் பின்தங்கினா அவனுக்கும் நட்டம். எதிராளியா இருந்தவன் என்னை எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கான்னு அப்பத்தான் பாத்தேன். நான் எந்த இடத்துல சோர்ந்து போவேன்னு எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இனிமே கொஞ்சம் சீரியஸ்.

எனக்கு ஓட்டம் பொழுதுபோக்கு. அவனுக்கு அப்படி இல்லை. எங்க மாவட்டத்துல எந்த கிரவுண்டுக்கு வேணும்னாலும் விடியக்காலையில போய்ப் பாருங்க, நூறு பசங்க சுத்திக்கிட்டு இருப்பாங்க. யாரும் உடம்பைக் குறைக்க வந்தவங்க இல்லை. போலீஸ், ராணுவம், வனத்துறைன்னு ஏதாவது ஒரு சீருடைக்காக ஓடுறவங்க. ராணுவ ரேலியில ரொம்ப வருஷமா ஒரு கணக்கு: 1,600 மீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள்ள முடிச்சா 60 மார்க், அதுக்கு மேல அஞ்சே முக்கால் வரைக்கும் 48 மார்க். அந்த 15 வினாடிக்குள்ள ஒரு குடும்பத்தோட கடன், தங்கச்சி கல்யாணம், ஓட்டு வீட்டை மாத்துறது எல்லாம் அடங்கியிருக்கும்.

கூடலூரானும் அப்படி ஒரு சீருடை வேலைக்குத் தயாரானான். ஓட்டத்தைப் பத்தி யாருக்கும் சந்தேகமே இல்லை. அங்க ஓடச் சொல்ற தூரத்தை அவன் பேசிக்கிட்டே ஓடிருவான். உயரம்தான் இழுபறி. டேப்பை வெச்சு அளந்தா காலையில சரியா இருக்கும், சாயங்காலம் கம்மியா இருக்கும். இது உண்மைங்க. நாள் முழுக்க நிமிர்ந்து நடமாடுறதுல முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற வட்டுகள் அமுங்கி, ராத்திரிக்குள்ள ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரம் குறையும். தூங்கி எந்திரிச்சா திரும்பி வந்துரும். ஓடினா இன்னும் அமுங்கும். அதனால தேர்வுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓட்டத்தை நிறுத்திட்டான். பார்ல தொங்கினான். அன்னைக்கு விடியக்காலை பஸ்ஸுல நானும் கூடப் போனேன். கடைசி நீளச் சீட்டுல கால் நீட்டிப் படுத்துக்கிட்டே வந்தான். கண்டக்டர் "உடம்பு சரியில்லையா தம்பி?"ன்னு கேட்டாரு. "உயரம் சரியில்லண்ணே"ன்னான்.

அங்க உயரம் அளக்குறது முதல்ல, ஓட்டம் அப்புறம். ஒரு சென்டிமீட்டர் கம்மி. வெளிய அனுப்பிட்டாங்க.

அவனை ஓடவே விடல.

அளந்தவர் மேல தப்பு சொல்ல முடியாது, விதின்னா விதிதான். நான் வெளியில வேலி ஓரமா நின்னு, உள்ள ஓடுறவங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கூட இருந்து அவனும் பாத்தான். ஒருத்தனைக் காட்டி, "இவன் கையைப் பாரு மாப்ள, வீணா ஆட்டுறான், மூணாவது ரவுண்டுல படுத்துருவான்"னான். அவன் சொன்ன மாதிரியே அந்தப் பையன் மூணாவது ரவுண்டுல நடக்க ஆரம்பிச்சான். கூடலூரான் சிரிக்கல. திரும்பி வரும்போது பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தான். சீட்டு காலியா இருந்துச்சு.

அதோட ஓட்டத்தை விட்டுட்டான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணா "தோட்டத்துல வேலை மாப்ள"ம்பான். அவனைப் போய் எப்படி வற்புறுத்துறது? "சும்மா ஜாலிக்கு ஓடலாம் வாடா"ன்னு கூப்பிட எனக்கு வாய் வரல.

இந்தச் "சும்மா ஓடுறது"க்கு இங்கிலீஷ்ல அமெச்சூர்னு பேரு. மூலத்துல அதுக்கு அர்த்தம் பிரியத்துக்காகச் செய்யறவன். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 1866-ல லண்டன்ல அமெச்சூர் அத்லெடிக் கிளப் ஆரம்பிச்சப்போ, யாரு அமெச்சூர்ங்கிறதுக்கு ஒரு வரையறை எழுதினாங்க. காசுக்கு ஓடுறவன் வரக்கூடாதுங்கிறது சரி, போகட்டும். கூடவே மெக்கானிக், கைத்தொழில் செய்யறவன், கூலிக்காரன் இவங்களும் அமெச்சூர் கிடையாதுன்னு சேர்த்தாங்க. அதாவது உடம்பால உழைச்சுச் சாப்பிடுறவன் ஓடக்கூடாது. 1880-ல அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் வந்தப்பதான் அந்த ஷரத்து போச்சு. உலகத்தோட பழைய கிராஸ் கன்ட்ரி கிளப்னு சொல்ற தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் 1868-ல, இதுக்கு நடுவுலதான் ஆரம்பிச்சது. "முயலும் வேட்டை நாயும்"ங்கிறது அந்த ஊர்ப் பசங்களோட விளையாட்டு. முன்னாடி போறவன் காகிதத் துண்டைத் தூவிக்கிட்டே ஓடுவான், மத்தவங்க அதைப் பாத்துத் துரத்தணும்.

இப்ப யாரும் அப்படி எழுதி வெக்கிறதில்லை. ஆனா மாசச் சம்பளம் வர்ற எனக்கு ஓட்டம் பிரியமா இருக்க முடிஞ்சுது. அவனுக்கு முதல்ல அது வேலையாகணும், பிரியம் அப்புறம். பக்கத்து பக்கத்துல ஒரே வரப்புல ஓடினாலும் ரெண்டு பேரும் ஓடினது ஒரே பந்தயம் இல்லை. உயரம் அளக்குற அந்த ஸ்டாண்டு முன்னாடிதான் அது எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சுது.

அப்புறம் நான் பெங்களூர் வந்துட்டேன். ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கினேன். இதயத் துடிப்பு, அடிக்கணக்கு, ஏத்தம் இறக்கம் எல்லாம் காட்டும். நான் தூங்கினேனா இல்லையான்னு எனக்கே சொல்லும். ஸ்ட்ராவாவுல முகம் தெரியாத யாரோ ஒருத்தர் நம்ம தெருவை நம்மளைவிட எட்டு வினாடி வேகமா ஓடிட்டார்னு எச்சரிக்கை வேற வரும். டைமிங் குறைஞ்சுது, அது உண்மை. ஆனா பின்னாடி மூச்சுச் சத்தம் கேக்கல. ஒரு வாரம் ஓடாம விட்டா "ஏண்டா வரல?"ன்னு கேக்கவும் ஆள் இல்லை. கடிகாரம் கேக்கும், ஆனா அதை ஆஃப் பண்ணிரலாமே.

கென்யாக்காரங்க 1986-ல இருந்து 2003 வரைக்கும் உலக கிராஸ் கன்ட்ரில சீனியர் ஆண்கள் நெடுந்தூர அணிப் பட்டத்தை யாருக்கும் விட்டுக் கொடுக்கல. தொடர்ந்து 18 வருஷம்! காரணம் கேட்டா எல்லாரும் உடனே உயரமான இடம், மெல்லிசான காத்துன்னு சொல்லுவாங்க. அதுவும் இருக்கு, இல்லேங்கல. அவங்க ஓட்டக்காரங்க ஊரான இட்டென் 2,400 மீட்டர் உயரத்துல இருக்கு. ஆனா உயரம் மட்டும் போதும்னா எங்களுக்குப் பக்கத்துல கொடைக்கானல் 2,100 மீட்டர்ல இருக்கே! இட்டென்ல விடியக்காலையில ஒரு செம்மண் ரோட்டுல கூட்டங்கூட்டமா ஓடுவாங்க. அந்தக் கூட்டத்துல பத்தாவதா வர்றவன் வேற நாட்டுக்குப் போனா முதலாவதா வருவான். தினம் காலையில தன்னைவிட ஒரு நூல் வேகமானவன் பக்கத்துல இருக்கான். காசு கொடுத்து வாங்க முடியாத பயிற்சி அது.

நம்ம ஆட்கள்லயும் இருக்கு. 2017-ல புவனேஸ்வர்ல நடந்த ஆசிய தடகளப் போட்டியில 10,000 மீட்டர்ல புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஜி. லட்சுமணன் தங்கம், வயநாட்டுக்காரர் டி. கோபி வெள்ளி. லட்சுமணன் 5,000 மீட்டர் தங்கத்தையும் சேர்த்து எடுத்தார். அதே வருஷம் நவம்பர்ல சீனாவுல டோங்குவான்ல நடந்த ஆசிய மாரத்தான்ல கோபி தங்கம். ரெண்டு பேருமே ராணுவத்துக்காரங்க. அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல லட்சுமணன் 10,000 மீட்டர்ல மூணாவதா வந்தும், காலு ட்ராக்கோட உள்விளிம்பைத் தாண்டிப் பட்டுடுச்சுன்னு பதக்கம் போயிருச்சு. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ஏனோ கூடலூரான் ஞாபகம்தான் வந்துச்சு. சில சென்டிமீட்டர்தானே அதுவும்!

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜோடி பழைய ஆளுங்க. பிரான்ஸோட அலென் மிமூன், செக்கோஸ்லோவாகியாவோட எமில் ஜடோபெக். மிமூன் அல்ஜீரியாவுல பிறந்தவர், ரெண்டாம் உலகப் போர்ல காலுல அடிபட்டுக் காலையே இழக்க இருந்தவர். சர்வதேச கிராஸ் கன்ட்ரியை நாலு தடவை ஜெயிச்சவர். ஆனா ஒலிம்பிக்ல 1948-லயும் 1952-லயும் சேர்த்து மூணு பந்தயத்துல ரெண்டாவது. மூணுலயும் முதலாவது ஜடோபெக். 1956 மெல்போர்ன் மாரத்தான்ல ஒருவழியா மிமூன் ஜெயிச்சார். ஜெயிச்சவர் கொண்டாடப் போகல, முடிவுக்கோடு பக்கத்துலயே நின்னு ஜடோபெக்குக்காகக் காத்துக்கிட்டு இருந்தார். ஜடோபெக் ஆறாவதா வந்தார், விஷயம் தெரிஞ்சதும் தொப்பியைக் கழட்டி சல்யூட் வெச்சுக் கட்டிப் பிடிச்சார். அந்தத் தங்கத்தைவிட இது பெருசுன்னு மிமூன் பின்னாடி சொல்லியிருக்கார். எட்டு வருஷமா தன் முன்னாடி ஓடின முதுகு அது. தான் ஜெயிச்சது நிஜம்தான்னு அந்த ஆள் வந்து சொன்னாத்தானே நம்பிக்கை வரும்.

2023-ல தமிழ்நாடு அரசு அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டம் நடத்தினாங்க. 25 வயசுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். முதல் மூணு பரிசு 5,000, 3,000, 2,000. நாலுல இருந்து பத்தாவது இடம் வரைக்கும் தலா 1,000 ரூபாய். அறிவிப்பைப் பாத்ததும் கூடலூரானே போன் பண்ணான். அஞ்சு வருஷத்துல அவனா ஓட்டத்தைப் பத்திப் பேசினது அதுதான் முதல் தடவை. "மாப்ள, இதுல உயரம் கேக்க மாட்டாங்கள்ல?"

ரெண்டு மாசம் தயாரானான். நான் லீவு போட்டுட்டு வந்தேன். தார் ரோட்டு ஓட்டம்தான், கிராஸ் கன்ட்ரி இல்லை, பரவாயில்லைன்னு விட்டோம். அவன் வயித்துல சின்னதா ஒரு தொப்பை விழுந்திருந்துச்சு. எனக்கும்தான், ஆனா எனக்கு உயரத்துல தெரியாது :-) முதல் அஞ்சு கிலோமீட்டர் வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னாடி வந்தான். எட்டாவது கிலோமீட்டர்ல எங்களுக்கு முன்னாடி ஏழு பேர், பின்னாடி ரொம்ப தூரத்துக்கு யாரும் இல்லை. அதாவது எட்டாவது இடமும் ஒன்பதாவது இடமும் எங்களுக்குத்தான். ரெண்டுக்கும் ஒரே ஆயிரம் ரூபாய். யாரு முன்னாடி வந்தாலும் பத்து பைசா வித்தியாசம் இல்லை. கைகோத்துக்கிட்டு நடந்துகூடப் போயிருக்கலாம்.

கடைசி 200 மீட்டரை நாங்க ஓடின ஓட்டத்தை நீங்க பாத்திருக்கணும். நாய் துரத்தின மாதிரி ஓடினோம். ஓரமா நின்ன போலீஸ்காரர் ஒருத்தர் விசில் அடிச்சு உற்சாகப்படுத்தினார். அவன் எட்டாவது, நான் ஒன்பதாவது. கோட்டைத் தாண்டி ரெண்டு பேரும் தரையில உக்காந்துட்டோம். மூச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "விட்டுக் குடுத்தியாடா?"

"சத்தியமா இல்ல."

"அப்பச் சரி"ன்னான். அந்த ஆயிரம் ரூபாயைவிட அந்த பதில்தான் அவனுக்கு வேண்டியிருந்துச்சு. எனக்கும் அவனை அந்த வேகத்துல பாக்க வேண்டியிருந்துச்சு.

இப்ப அவன் தோட்ட வேலையோட, கூடலூர்ப் பக்கத்துப் பசங்க பதினஞ்சு பேருக்குக் காலையில ஓட்டம் சொல்லிக் கொடுக்குறான். காசு வாங்குறதில்லை. புதுசா ஒரு பையன் வந்தா முதல்ல செவுத்தோட நிக்க வெச்சு உயரம் அளப்பான், மார்பளவு எடுப்பான். எந்தெந்த வேலைக்கு எவ்வளவு உயரம் வேணும்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கான். "தம்பி, உனக்கு இது ஆகாது, இதுக்கு முயற்சி பண்ணு"ன்னு முதல் நாளே சொல்லிருவான். அதுக்கப்புறம்தான் ஓட விடுவான்.

ஓட விடும்போதும் தனித்தனியா விடமாட்டான். கிட்டத்தட்ட ஒரே வேகம் இருக்குற ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ப்பான். போன தடவை நான் போயிருந்தப்ப ஒரு சின்னப் பையன் சிணுங்கினான். "அண்ணே, இவன்கூட வேணாம்ணே. தெனம் கடைசியில முந்திட்டு, திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்."

"அதுக்குத்தான்டா அவனைப் போட்டுருக்கேன்"னு சொல்லிட்டு கூடலூரான் விசிலை ஊதினான்.